தமிழில் வெளியான நாளே முதல் நாள்

2020 மார்ச்சில், நாடு பொதுமுடக்கத்துக்குள் போன அதே நாள்களில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான வரைவு அறிவிக்கையைக் கொண்டுவந்தது. சுரங்கமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் எந்த நிபந்தனைகளோடு வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆவணம் அது. மக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம். ஆனால், வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவர் அதை எப்படிப் படித்திருப்பார்?

வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து, அமைச்சகம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஆகியவற்றின் இணையதளங்களில் வெளியிட வேண்டும் என்று ஜூன் 30 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அமைச்சகம் மொழிபெயர்க்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கும் ஆதரவு கிடைக்கவில்லை. அலுவல் மொழிச் சட்டத்தையே திருத்தலாமே என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

சரியான கேள்வி. 1963ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், 3(3) பிரிவின்படி, அறிவிக்கைகளுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டை மட்டுமே கட்டாயமாக்குகிறது. அமைச்சகம் ஒளிந்துகொண்டது அதன் பின்னால்தான். தமிழ்நாட்டின் நிலை இன்னும் விசித்திரமானது. 1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அவற்றின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இது பெரிய பாதுகாப்பு. ஆனாலும், இந்தித் திணிப்பிலிருந்து கிடைத்த விலக்கு, தமிழில் தகவல் பெறும் உரிமையாக இன்னும் மாறவில்லை. தமிழில் மனுக் கொடுக்க அரசமைப்பின் 350ஆவது கூறு இடம் தருகிறது. எதை எதிர்த்து மனு என்பதைத் தமிழில் படிக்க வழியில்லை. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கும் மாநில மொழியில் கட்டாயமாக இருப்பது அறிக்கையின் சுருக்கம்தான். அதையும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே தயாரிக்கிறது.

எல்லாக் கோப்புகளையும் 22 மொழிகளில் தர முடியுமா என்பார்கள். எல்லாம் வேண்டாம். மக்களிடம் கருத்துக் கேட்பவை, அவர்களின் நிலத்தையும் பிழைப்பையும் தொடுபவை, விண்ணப்பப் படிவங்கள்: இவை போதும். மத்திய அரசின் பாஷிணி போன்ற இயந்திர மொழிபெயர்ப்பு முதல் வரைவுக்கு உதவலாம். ஆனால், சட்ட வாசகத்தில் ஒரு ‘அல்லது’ பிசகினாலும் பொருள் மாறிவிடும். பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஓர் அதிகாரி வேண்டும். தமிழை 1956இலேயே ஆட்சிமொழியாக்கிய நம் மாநில அரசின் தளங்களில் ஆங்கிலத்தில் மட்டும் கிடக்கும் ஆவணங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்த வேண்டும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 3(3) பிரிவில் ஒரே ஒரு திருத்தம் கேட்கட்டும்: மாநில மொழி வடிவம் இணையதளத்தில் ஏறும் நாளிலிருந்துதான் கருத்துச் சொல்லும் கெடுவைக் கணக்கிட வேண்டும். தாமதம் தனக்கே நட்டம் என்று தெரிந்தால், எந்த அமைச்சகமும் மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே தேடும்.