நெருப்புக்குக் காத்திருக்கும் விதைகள்

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக் காட்டில் பெருந்தீ பரவியது. அங்குள்ள 'ஜெனரல் ஷேர்மன்' என்ற செக்கோயா மரத்தின் உயரம் சுமார் 83 மீற்றர். கனவளவில் உலகின் மிகப் பெரிய மரம் அதுவேயாகும். தீயணைப்பு வீரர்கள் அதன் அடிமரத்தைச் சுற்றி அலுமினியப் போர்வை போர்த்தினார்கள். மரம் தப்பியது.

போர்வை மட்டும்தான் காப்பாற்றியது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு முன்னைய ஆண்டுகளில் அதே காட்டில் திட்டமிட்டு மூட்டப்பட்ட சிறு தீக்களுக்கும் அதில் பங்குண்டு.

“தீயிலிருந்து காக்கத் தீயா?” என்று கேட்பீர்கள். ஆம்! செக்கோயாவின் பட்டை அரை மீற்றர் வரை தடித்தது. சிறு தீ அதைச் சுடாது. அதன் காய்கள் பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் தொங்கும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலெழுந்து பட்டதும் காய்ந்து விரிந்து, விதைகளைக் கொட்டும். சருகு எரிந்து வெளித்தெரியும் மண்ணில்தான் அவை நன்கு வேர்விடும்.

மரங்களின் கீழ் வளரும் சியனோதஸ் பற்றைகளும் அப்படியே. அவற்றின் வன்மையான விதைகள் பல்லாண்டுகள் மண்ணுள் உறங்கிக் கிடந்து, சூடு பட்டதும் முளைக்கின்றன. இலைகள் மான்களுக்கு இரையாகின்றன. வேரில் வாழும் நுண்ணுயிர்கள், தீயில் இழந்த நைதரசனை மண்ணுக்கு மீட்டுத் தருகின்றன.

முன்பு மின்னலாலும், பூர்வகுடி மக்கள் மூட்டியதாலும் இக்காடு அடிக்கடி மெதுவாக எரிந்தது. மரங்களின் ஆண்டு வளையங்களில் அந்தத் தழும்புகளை இன்றும் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, காட்டைக் காப்பதாக எண்ணி ஒவ்வொரு தீயையும் அணைக்கத் தொடங்கினார்கள். விளைவு என்ன? சருகு குவிந்தது. நிழலில் வளரும் ஃபேர் மரங்கள் நெருங்கி முளைத்து, தீ உச்சிக்கு ஏற ஏணியாகின. செக்கோயாக் கன்றுகளோ அரிதாகின.

தவறை உணர்ந்து 1968இல் செக்கோயா, கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்காக்களில் திட்டமிட்டு எரிக்கத் தொடங்கினார்கள். ஆனால் எரித்த பரப்பு சிறிது. சேர்ந்திருந்த விறகோ பெரிது. வரட்சியும் வெப்பமும் கூடிய 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தீக்களில், உலகிலிருந்த பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் வரை மடிந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் எத்தனையோ தீயைக் கண்டு நின்ற மரங்கள்! தாய் மரங்களே கருகிய சில இடங்களில் கன்றுகள் போதியளவு முளைக்கவில்லை. அங்கே பற்றைகள் மட்டுமே மலையை மூடுகின்றன.

இதைப் படித்துவிட்டு எந்தக் காட்டுக்கும் தீ வைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எமது மலைநாட்டின் ஈரமான காடுகள் தீக்குப் பழகியவையல்ல. அங்கே ஒரு தீக்குச்சியும் ஆபத்தே. ஒவ்வொரு காட்டுக்கும் ஒவ்வொரு குணமுண்டு. அதை அறியாமல் காக்கப் புகுந்தால், காப்பதும் கேடாக முடியலாம்.