எந்த ஊர் வாக்காளர்?

தேர்தல் நெருங்குந்தோறும் நம் குடும்பங்களில் ஒரு கவலை தலைதூக்குகிறது. பிழைப்பு பெங்களூரில், பெயரோ பிறந்த ஊரின் வாக்காளர் பட்டியலில். யாருக்கு வாக்களிப்பது என்பதற்கு முன்னே, எங்கே வாக்களிப்பது என்பதே நமக்குள்ள கேள்வி.

பெயரை மாற்றினால் ஊரோடுள்ள தொடர்பே அறுந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். இரண்டிடத்திலும் இருக்கட்டுமே என்பாரும் உளர். அது தகாது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர்க்கு ஓரிடமே உண்டு. தெரிந்தே பொய்யுறுதி அளித்தால் ஓராண்டு வரை சிறையும் நேரலாம். ஊரில் வீடு சொந்தமாயிருத்தல் மட்டும் ஒருவரை அவ்வூர் வாசியாக்காது என்றும், தற்காலிகமாக வெளியே சென்றதனாலேயே அவ்வுரிமை போகாது என்றும் அச்சட்டம் உரைக்கிறது. ஆண்டுக்கணக்காக இங்கே வாடகை செலுத்தி, பிள்ளைகளையும் இங்கே படிக்கவைக்கும் நாம் எவ்வகையினர் என்பதை நம் நெஞ்சே அறியும்.

2025 டிசம்பரில் தமிழ்நாட்டில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அவற்றுள் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோர் பெயர்களே. அங்கே நீங்கி இங்கேயும் சேராதவர் எவ்வூரிலும் வாக்கற்றவராகிறார். நாம் அஞ்சத்தக்கது இதுவே.

இங்கே பெயருள்ளோரும் அயர்ந்திருத்தலாகாது. 2022-இல் சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரம் தொகுதிகளில் பெயர் சேர்ப்பும் நீக்கமும் குறித்து ஐயம் எழ, தேர்தல் ஆணையம் மறுசரிபார்ப்புக்கு ஆணையிட்டது. நம் பெயர்கள் கன்னடத்தில் ஏறும்போது உருமாறுவதும் உண்டு. இன்றைய கன்னடத்தில் ழகரம் வழக்கில் இல்லை. ஆதலால் பட்டியலை நேரிற் பார்த்தல் நன்று. புகைவண்டி அலுவலகத்தில் பணிபுரியும் நாம் அறிந்த உவமை ஒன்று: சீட்டு கையிலிருந்தும் முன்பதிவுப் பட்டியலில் பெயரில்லையேல் படுக்கை இல்லை. புகைப்பட அட்டையும் அத்தகையதே. வாக்குரிமை தருவது பட்டியலே.

புதிதாகச் சேர்வோர்க்குப் படிவம் 6. முகவரி மாற்றுவோர்க்கும் பிழை திருத்துவோர்க்கும் படிவம் 8. விவரம் வேண்டுவோர் 1950 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். வேட்புமனுவின் கடைசி நாள் கழிந்தபின் பெயர் சேர்க்க வழியில்லை. பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் தகுதி நாளாகும்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாதிருந்தது. குடிநீர்க்கும் குப்பைக்கும் வார்டில் யாரிடம் முறையிடுவது என்றறியாது நின்றோமல்லவா? வாக்கின் மதிப்பு அதனை இழந்த காலத்திலேயே விளங்குகிறது.

கடல் கடந்த தமிழரையும் பாருங்கள். பிரித்தானியாவில் குடியுரிமை பெறாத இந்தியரும், முறைப்படி அங்கு வசிப்பின், பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். 2024 ஜூலை 4 தேர்தலில் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் லண்டனிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். வந்த ஊரில் வாக்களித்ததனால் அங்குள்ள தமிழர் தமிழை மறந்துவிடவில்லை.

ஆகவே அன்பர்களே, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குச் செல்வோம். வாக்கை மட்டும் வாழும் தெருவில் அளிப்போம். இந்த ஞாயிறே வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் தேடிப் பாருங்கள்.