வரவு செலவுத் திட்டமும் நம் ஊர்ப் பாடசாலையும்



ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, எனது மாணவன் ஒருவனின் தாய் பள்ளிவாசல் கேட்டருகே காத்து நின்றார்.

"ஹஸரத், மகன் ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போகல்ல. பரீட்சைக் காசு கட்டாதவங்களை எழும்பி நிக்கச் சொன்னாங்களாம். வெட்கமாம் அவனுக்கு."

மறுநாள் அதிபரிடம் பேசினேன். பிள்ளையை நிற்க வைத்தது பிழை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். "ஆனால் மௌலவி, கடதாசி விலை தெரியும்தானே? வரவேண்டிய காசு இன்னும் வரவில்லை. வினாத்தாளை நான் எதில் அச்சடிப்பது?" என்று கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

வருடந்தோறும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது நாம் சீனி, மா, பெற்றோல் விலையைத்தான் காது கொடுத்துக் கேட்கிறோம். பாடசாலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் குறைவு. அந்தப் பிள்ளை எழும்பி நின்றதற்கும் அங்கே எடுக்கப்படும் முடிவுக்கும் தொடர்பு உண்டு.

இந்நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் தேசிய பாடசாலைகள் சுமார் 400 மட்டுமே. அவை மத்திய கல்வி அமைச்சின் கீழ் உள்ளன. ஏனையவை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் மாகாணங்களிடம் சென்றன. அவற்றுக்கான பணத்தின் பெரும்பகுதி கொழும்புத் திறைசேரியிலிருந்தே வருகிறது. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, மாகாணத்துக்குப் போய், வலயக் கல்வி அலுவலகம் வழியாகப் பாடசாலையை அடைகிறது.

பாராளுமன்றம் ஒதுக்கிய தொகை முழுவதும் அப்படியே கைக்கு வந்துவிடுவதில்லை. அரசின் வருமானத்தைப் பார்த்தே திறைசேரி கட்டுநிதியை விடுவிக்கும். வருமானம் குறைந்தால் அது தாமதிக்கும், குறையும். கல்விக்கான பணத்தில் பெரும்பங்கு சம்பளத்துக்குப் போகிறது. சம்பளத்தை நிறுத்த முடியாது. ஆகவே கத்தி விழுவது கட்டடம், மலசலகூடம், தளபாடம், கற்றல் உபகரணங்கள் மீதுதான். ஆண்டுக்குள் செலவிடாத ஒதுக்கீடோ டிசம்பர் 31உடன் காலாவதியாகிறது.

2022இல் இதன் கொடுமையைக் கண்டோம். நாடு கடனைச் செலுத்த முடியாமல் நின்ற அவ்வாண்டின் மார்ச் மாதத்தில், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 1945இல் இலவசக் கல்வியையும், 1980இல் இலவசப் பாடநூலையும், 1993இல் இலவசச் சீருடையையும் கொடுத்த நாடு இது. 2015இல் இன்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, தேசிய உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடும்படி கேட்டது. நமது நாட்டின் செலவோ பல ஆண்டுகளாக 2 சதவீதத்தை அண்டியே இருந்து வந்திருக்கிறது.

அரசு விடும் இடைவெளியைப் பெற்றோர் நிரப்புகிறார்கள். பட்டணத்துப் பெரிய பாடசாலையில் பழைய மாணவர்கள் கட்டடமே கட்டிக் கொடுப்பார்கள். கிராமத்துச் சிறிய பாடசாலையில் கூலித் தொழிலாளியின் பிள்ளை எழும்பி நிற்கும். பணம் குறைவது எல்லோருக்கும் ஒன்றுதான், அது வலிப்பது ஒன்றல்ல.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளிடம் அவரவர் வசதிக்கேற்ப 4,000 திர்ஹம் வரை மீட்புப் பணம் பெறப்பட்டது. மதீனாவோ அப்போது பசியிலிருந்த ஊர். அந்நிலையிலும், பணமில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளிடம், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கஜானாவுக்கு வரக்கூடிய திர்ஹத்தைவிடப் பிள்ளையின் எழுத்துப் பெரிது என்று தீர்மானித்தார்கள். வறுமை நாளில் எடுத்த வரவு செலவு முடிவு அது. "காசில்லை, கல்வியைப் பிறகு பார்ப்போம்" என்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். இவ்வருடம் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எதற்குச் செலவானது என்று பண்பாகக் கேளுங்கள். பொதுப் பணம் அமானிதம். கணக்குக் கேட்பது குழப்பம் செய்வதாகாது.

மாகாண சபைகளின் பதவிக்காலம் 2019உடன் முடிந்து, பல வருடங்கள் தேர்தலின்றி ஆளுநர்களின் கீழ் சென்றன. ஆகவே உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வீதிக்குக் கொங்கிறீட் கேட்கும் வாயால் வகுப்பறைக்குக் கூரையும் கேளுங்கள்.

வசதியுள்ளவர்களே, பெயர் பொறித்த நுழைவாயில் கட்ட நினைத்தால், முதலில் உங்கள் ஊரின் சிறிய பாடசாலையில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். பயனுள்ள கல்விக்கு வழி செய்வது மரணத்தின் பின்னும் தொடரும் நன்மை.

அந்தப் பிள்ளையின் காசை ஜமாஅத் சகோதரர் ஒருவர் பெயர் சொல்லாமல் கட்டினார். அவன் மறுநாள் வந்தான். ஆனால் அடுத்த தவணையும் வரும், அடுத்த பிள்ளையும் எழும்பி நிற்கும். ஒருவரின் ஸதகாவால் மட்டும் ஓர் அரசின் கடமை நிறைவேறாது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவும், கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.