பறிக்காமல் எடுங்கள்

சென்ற மாதம் ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இயற்கைப் பிரிவில் எல்லோர் கண்ணையும் இழுத்தது ஒரு தும்பைப் பூ. இதழெல்லாம் முத்து முத்தாகப் பனித்துளி. ஆனால், நிழல் பூவுக்கு நேர் கீழே விழுந்திருந்தது. அது உச்சிவெயில். காலை எட்டு மணி வெயிலுக்கே காய்ந்துவிடும் பனி, நண்பகலில் எப்படி நிற்கும்? எடுத்த இளைஞரிடம் கேட்டேன். பூவைப் பறித்துவந்து, மொட்டைமாடியில் கிளிப் போட்டு நிறுத்தி, தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்திருக்கிறார். “எல்லாரும் இப்படித்தாண்ணே எடுக்கிறாங்க” என்றார்.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபமில்லை. இதுதான் வழி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்த பழக்கத்தின் மேல்தான் கோபம்.

கரூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் படமெடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடிந்ததும் அமராவதிக் கரைக்குப் போய்விடுவேன். மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தும்பை மண்டிக் கிடக்கும். பூ ஒரு சென்டிமீட்டர்தான். மேக்ரோ லென்ஸை ஒன்றுக்கு ஒன்று அளவுக்கு நெருக்கினால்தான் அதன் அமைப்பு பிடிபடும். மேலுதடு ரோமம் அடர்ந்த ஒரு குல்லா. மகரந்தப் பைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். கீழுதடு அகலமாக முன்னால் நீண்டிருக்கும். தேனீ வந்து இறங்கும் திண்ணை அது. தேனுக்காகத் தலையை உள்ளே விடும்போது குல்லாவிலுள்ள மகரந்தம் தேனீயின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவு நெருங்கினால் சிரமமும் உண்டு. எஃப் 11 வைத்தாலும் கூர்மையாக விழுவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் மட்டுமே. லென்ஸ் முன்னே நீள நீள, சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். லேசான காற்றுக்கே பூ ஃபோகஸை விட்டு விலகிவிடும். ஃபிளாஷ் அடிக்கவும், பறித்து வீட்டுக்குள் கொண்டுபோகவும் கை துறுதுறுப்பது இதனால்தான். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் குல்லாவின் ரோமமெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அதுவே காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் ஒரு வெள்ளை வேட்டித் துணியை மேலே பிடித்தால் போதும். காற்றடித்தால் தண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியை ஊன்றி, நூலால் தளர்வாகக் கட்டுவேன். படம் எடுத்ததும் அவிழ்த்துவிடுவேன். மிச்சமெல்லாம் பொறுமைதான்.

“கலைதானே, கொஞ்சம் அலங்காரம் செய்தால் என்ன?” என்று கேட்கிறார்கள். விளம்பரத்துக்கு எடுங்கள், தாராளமாக அலங்கரியுங்கள். ஆனால் ‘இயற்கை’ என்று பெயர் போட்டால், படம் சாட்சி சொல்ல வேண்டும். பறித்த பூவுக்கு நாளை என்பது இல்லை. மூலனூர் பக்கம் வேலியோரம் ஒரு செங்காந்தளை நாள் தவறாமல் போய்ப் படமெடுத்தேன். பச்சையாக விரிந்த இதழ் மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுதும் செந்தீயாயிற்று. முதல் நாளே பறித்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பச்சைப் பூ மட்டுமே.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பறித்த பூ, தெளித்த துளி என்றால் இயற்கைப் பிரிவில் சேர்க்காதீர்கள். எடுத்த இடம், நேரம், செடியின் பெயர் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். பெயர் தேடும்போதே பாதிப் பாடம் படித்தாகிவிடும். விலையுயர்ந்த லென்ஸ் இல்லாத பிள்ளைகளும் கலந்துகொள்ளட்டும். எங்கள் ஊர் ஜவுளிக்காரர்கள் துணியில் இழை எண்ணும் சின்னக் கண்ணாடியைக் கைப்பேசிக் கேமரா முன் வைத்தாலே குல்லாவின் ரோமம் தெரியும்.

அந்தத் தம்பியை மறு ஞாயிறு ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். முக்கால் மணி நேரம் மண்ணில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தேனீ வந்தது, குல்லாவுக்குள் தலையை விட்டது, போயிற்று. எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. துளி ஒன்றுகூட இல்லாத அந்தப் படத்தைத்தான் அவர் இப்போது எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.