தந்தை மன்னித்தார், நாம்?



தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கன்னிவாடியில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். பொழுது மலைக்குப் பின்னே சாய்ந்துவிட்டது. கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை அருகே அழைத்தார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். ஆனால் நற்கருணை வாங்க ஒருநாளும் எழுந்து செல்லாதவர். அதன் காரணத்தை அன்று அவராகவே கூறினார்.

இளமையில், தம்பி பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருந்த காலத்தில், இருவர் நிலத்துக்கும் நடுவேயிருந்த வரப்பை அவர் இரண்டு முழம் தள்ளிப் போட்டுவிட்டார். தம்பி திரும்பி வந்து கேட்டபோது ஊரார் முன்னிலையில் பொய்யும் உரைத்தார். அன்றோடு அண்ணன் தம்பி உறவு அறுந்தது. சில ஆண்டுகளில் தம்பி அந்த மனத்தாங்கலோடே கண்ணை மூடினார்.

பின்னர்ப் பெரியவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். குருவானவர் சொற்படி நிலத்தை அளந்து தம்பியின் மனைவியிடம் ஒப்படைத்தார். ஆயினும் உள்ளம் ஆறவில்லை.

“சாமி மன்னிப்புக் கொடுத்துவிட்டார், வாத்தியாரய்யா. ஆனால் நான் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமோ அவன் மண்ணுக்குள்ளே இருக்கிறானே! எந்த முகத்தோடு பீடத்தண்டை போவேன்?” என்றார்.

நாம் மறைக்கல்வியில் கற்பித்ததையே அவருக்கு எடுத்துரைத்தோம். உண்மையான மனஸ்தாபத்தோடு அறிக்கையிட்ட பாவத்தைக் கடவுள் முற்றிலும் மன்னிக்கிறார். அம்மன்னிப்பு நம் மனநிலைக்கேற்ப ஏறி இறங்குவதன்று. மன்னிக்கப்பட்ட பாவத்தை மீண்டும் மீண்டும் தோண்டியெடுப்பது, கடவுளின் தீர்ப்பினும் நம் தீர்ப்பே மேலென்று கொள்வதாகும். பெரியவர் தலையசைத்தார், ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

ஏன் தெளியவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு விளங்கிற்று. நிலம் திரும்பிச் சென்று ஆண்டுகள் பலவாகியும் ஊரில் அவருக்கு ‘வரப்புக்காரர்’ என்றே பெயர். அவருடைய பேரப்பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சண்டையிட்டால், ‘வரப்புக்காரர் பேரன் அல்லவா!’ என்பார்கள். கடவுள் கிழித்தெறிந்த கணக்கை ஊரார் நாம் பத்திரமாக வைத்திருந்தோம். நாமும் அப்பெயரைச் சொல்லிச் சிரித்ததுண்டு.

திருச்சபை 1973-இல் இந்த அருட்சாதனத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தது. இன்று இதனை ‘ஒப்புரவு’ என்று அழைக்கிறோம். ஒப்புரவறிதல் என்பது திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். ஊரோடு இணங்கி, பிறர்க்கு உதவி வாழும் நெறியை அது குறிக்கும். கடவுளோடு ஒப்புரவானவனை ஊரும் உறவும் ஏற்றுக்கொள்ளாவிடில், அச்சொல்லின் ஒரு பாதியை நாம் மறந்தவர்கள் ஆவோம்.

இவ்விடத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் கடன் கொடுப்போரின் பிடியில் நலிந்த ஏழை உழவர்களுக்காக உழைத்தார். 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில், சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் 54 காயங்கள். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2002 ஆகஸ்ட் 21 அன்று ராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்றார். அந்தக் கொலையாளியின் மணிக்கட்டில் ராக்கிக் கயிற்றைக் கட்டி, அவரைத் தம் உடன்பிறப்பாக ஏற்றுக்கொண்டார். அவருடைய விடுதலைக்காகவும் குடும்பத்தார் வேண்டினர்; 2006-இல் அவர் வெளியே வந்தார். ராணி மரியாவின் தாயும் தம் மகளைக் கொன்ற கைகளைப் பற்றி முத்தமிட்டார். ராணி மரியா 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொலை நிகழ்ந்த நாளுக்கும் ராக்கி கட்டிய நாளுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் உருண்டோடின. மன்னிப்பு அவசரப்பட்டு வருவதன்று. காயம்பட்டவரை நெருக்கி வாங்குவதுமன்று. செய்த குற்றம் ஒன்றுமில்லை என்று அது கூறுவதில்லை. சமுந்தர் சிங் சிறையில் இருந்தார். நம் பெரியவர் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஈடு செய்யவேண்டியதைச் செய்தே ஆகவேண்டும். அதன் பின்னும் அவர்களுக்கு ஒன்று தேவைப்பட்டது: ‘நீ என் உறவு’ என்று சொல்லும் ஒரு மனிதக் குரல்.

ஆண்டவர் கூறிய ஊதாரி மகன் உவமையில் மூத்தவன் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். இளையவனைத் ‘தம்பி’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தகப்பனின் மகன் என்றே சொல்கிறான். தகப்பனோ அவனை மூத்தவனின் தம்பி என்றே திருப்பிச் சொல்லி விருந்துக்கு வருந்தி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. அந்த விடையை நம்மிடம் விட்டுவைத்தார் போலும்!

கன்னிவாடிப் பெரியவரின் கதைக்கு வருவோம். அடுத்த ஆண்டு கடலை அறுவடையின்போது, தம்பியின் மனைவி தம் மகனிடம் ஒரு படி கடலையைக் கொடுத்து, “பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வா” என்று அனுப்பினார். வேறொரு சொல்லும் அவர் சொல்லியனுப்பவில்லை. திருப்பித் தரப்பட்ட அந்த இரண்டு முழ மண்ணிலும் விளைந்த கடலை அது. அடுத்த ஞாயிறன்று பெரியவர் எழுந்து சென்று நற்கருணை வாங்கினார். திரும்பி வரும்போது அவர் கண்கள் நனைந்திருந்தன. நாம் தலை குனிந்துகொண்டோம். குருவானவர் சொல்லியும் நாம் சொல்லியும் ஆறாத உள்ளம் ஒரு படி கடலையில் ஆறிற்று.

அன்பார்ந்தவர்களே, குற்ற உணர்வு உங்களை வாட்டினால் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுங்கள். ஈடு செய்யவேண்டியதைச் செய்யுங்கள். பெற்ற மன்னிப்பை நம்புங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அவ்வாறு திருந்தி வந்தவர் ஒருவர் இருந்தால், அவருடைய பழைய பெயரை இத்தவக்காலத்தோடு விட்டுவிடுங்கள். அவர் வீட்டுக்கு ஒரு படி கடலை அனுப்பிப் பாருங்கள்.