டேங்க்கைச் சோதிக்க ஓர் இடம் வேண்டும்

காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ‘கேம்பர் ரேசிங்’ என்றொரு மாணவர் அணி இருக்கிறது. பந்தயக் காரைத் தாங்களே வடிவமைத்து, தாங்களே கட்டுகிறவர்கள். ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளில் இப்படிப்பட்ட கார்களை ஓடுதளத்தில் விடுவதற்கு முன் ஒரு சாய்மேசையில் ஏற்றி, 60 டிகிரி வரை சாய்க்கிறார்கள். சக்கரம் தூக்கக் கூடாது. பெட்ரோல் ஒழுகக் கூடாது. ஒழுகினால் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் நாளை வேலைக்குப் போய், வீட்டு ஷெட்டில் சொந்தமாக ஒரு கார் கட்டி, ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்ட ஆசைப்பட்டால்? சாய்த்துப் பார்க்க ஆளில்லை. விண்ணப்பிக்க வழியும் இல்லை.

கிட் கார் பிரிட்டனில் பழைய சங்கதி. 1957-இல் வந்த லோட்டஸ் செவனை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி மிச்சம். அந்த வரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வீட்டில் கட்டிய காரை அங்கே தனித்தனியாகச் சோதித்து, தேறினால் பதிவெண் கொடுக்கிறார்கள். இங்கே மத்திய மோட்டார் வாகன விதி 126 பேசுவதெல்லாம் உற்பத்தியாளரின் மாதிரி வண்டியைப் பற்றித்தான். ஒரே ஒரு கார் கட்டுகிறவர் அதன் கணக்கில் வருவதில்லை.

கார் கட்டுகிறவர்களுக்கா நம்மிடம் பஞ்சம்? கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்தக் காரில்தான். 2021 கடைசியில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பட்டறைக்காரர் ஒருவர் சுமார் 60,000 ரூபாயில் பழைய இரும்பைக் கொண்டு ஜீப் செய்தார். விதிகளுக்கு ஒவ்வாததால் அதிகாரிகள் எப்படியும் ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி, ஆனந்த் மஹிந்திரா அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தர முன்வந்தார். நல்ல மனதுதான். ஆனால் அந்த ஜீப் பாதுகாப்பானதா, இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் யாரும் விடை தேடவில்லை.

அந்தக் கேள்வி கூர்மையாவது பெட்ரோல் டேங்க்கில்தான். கம்பெனி காரில் டேங்க் ஓட்டையானால் அதே மாடல் டேங்க்கை வாங்கி மாட்டிவிடலாம். வீட்டில் கட்டிய காருக்கு ‘அதே மாடல்’ என்று ஒன்று ஏது? பழைய வண்டியின் டேங்க்கைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தகடு வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும்.

மாமல்லபுரம் கரையில் இந்த வேலை சீக்கிரமே வந்து நிற்கும். உப்புக்காற்று கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே அரிக்கிறது. அங்கே தொல்லியல் துறை காகிதக்கூழைப் பூசிப் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. மெல்லிய இரும்புத் தகடு எந்த மூலைக்கு? வெளியே உப்பு என்றால் உள்ளே எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ.சி.ஆரில் ஓடி, மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும் காருக்கு இது இன்னும் மோசம். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் எத்தனால் பட்டு ஊறியும் வெடித்தும் போவது தனிக்கதை.

ஓட்டையை அடைக்கப் போகும்போதுதான் உயிர் ஆபத்து. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் பொல்லாதது. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். விவரமான வெல்டர் டேங்க்கைப் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கிட்டே போவார். முடிந்ததும் லேசாகக் காற்றடைத்து, தையல் நெடுக சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா, பிரெத்தர் குழாய் எங்கே திறக்கிறது, எர்த் ஒயர் கொடுத்தாயிற்றா என்றெல்லாம் கேட்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். சட்டம் இதில் எதையும் கேட்பதில்லை.

சட்டம் கேட்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விளைவு: கட்டுகிறவர்கள் நிறுத்துவதில்லை, மறைக்கிறார்கள். பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்றின் நிழலில் புது உடம்பு ஓடுகிறது. அதன் டேங்க்கை யாரும் பார்ப்பதில்லை.

பட்டறையில் கட்டியதைச் சாலையில் விட்டால் பக்கத்து வண்டிக்காரர் கதி என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறோம். சி.என்.ஜி. விஷயத்தில் அரசு இதைச் செய்துதானே காட்டியிருக்கிறது? அங்கீகரித்த கிட்டை மாட்டலாம், ஆர்.சி.யில் ஏற்றலாம், சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐம்பது வயது தாண்டிய விண்டேஜ் வண்டிகளுக்கும் 2021-இல் தனி விதியும் தனிப் பதிவெண் வரிசையும் வந்துவிட்டன.

செங்கல்பட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரகடத்தில், மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் வண்டிகளைச் சோதிக்கும் இடம். மாதத்தில் ஒரு நாள் அதன் கதவை வீட்டுக் கார்களுக்கும் திறக்கலாம். கட்டணம் முழுவதையும் கட்டியவரே கொடுக்கட்டும்; ஆண்டுக்கு இத்தனை கார் என்று வரம்பும் வைக்கட்டும். மாணவர் போட்டியில் செய்வதுபோல நிறைந்த டேங்க்கோடு சாய்த்துப் பார்த்து, ஒழுகினால் அன்றே திருப்பி அனுப்பட்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதற்கு அடுத்த வரிசையில் வரட்டும்.