சங்கத்துக்கும் பாடம் வேண்டும்!

அத்திப்பட்டு மின் நிலையப் பகுதியில் உள்ளூர்க்காரரும் வடமாநிலத்தவரும் வேலை பார்க்கிறார்கள். இவர்கள் ஒன்றுபட முடியுமா? பெரம்பூர் பதில் சொல்கிறது.

1918-ல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா. திரு.வி.க.வும் முன்னின்று உழைத்தார்.

1921-ல் ஆலை வேலைநிறுத்தம். ஆதிதிராவிடர் பலர் வேலைக்குச் சென்றனர். சாதிச் சண்டை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் தோற்றது.

வேலைக்குப் போனவர்கள் மீது பழி போடலாமா? தெருவில் தள்ளி வைக்கப்பட்டவன், சங்கத்தில் மட்டும் எப்படித் தோழனாவான்?

இன்று சங்கங்களுக்குச் சென்று, சமமாகப் பழகக் கற்றுக்கொடுப்பதே சிலருக்குத் தொழில். யார் உட்காருகிறார், யார் நிற்கிறார், யார் பேச்சு எடுபடுகிறது என்று கவனித்துச் சொல்வார்கள். அது வீண் செலவு அல்ல.

கொடி ஏற்றுமுன் மனக்கோட்டை அழியுங்கள், சாதிக்கோட்டை!